ஒரு சொல்லைக் காத்தவர்கள்



சென்ற திங்களில் நமக்கு வந்த கடிதங்களுள் ஒன்று பல நாள்களாக நம் மேசையை விட்டு அகலவில்லை. எழுதியவர் ஒரு தாய். அவருடைய மூத்த மகன் படிப்பை முடித்து வெளியூரில் வேலை பார்க்கின்றான். விடுமுறைக்கு வீடு வந்திருந்தபோது, ஒருநாள் இரவு செபமாலை முடிந்ததும் அவன் தந்தையிடம் இவ்வாறு கேட்டிருக்கின்றான்: "இயேசு மிகப் பெரியவர், வேறு எவரையும்விடக் கடவுளுக்கு நெருக்கமானவர். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவரையே கடவுள் என்று சொல்லத்தான் வேண்டுமா? அவர் போதித்தபடி நடந்தால் போதாதா?" தந்தையார் உபதேசியார் குடும்பத்தில் பிறந்தவர். "பதிதனுக்கு என் வீட்டுச் செபத்தில் இடமில்லை" என்று சொல்லி எழுந்துவிட்டாராம். ஊர் திரும்பிய மகன் இப்போது தாயிடம் மட்டுமே தொலைபேசியில் பேசுகின்றான். "விசுவாசத்தைக் காக்க வேண்டும் என்கிறார் என் கணவர். பிள்ளையைக் காக்க வேண்டும் என்கிறது என் மனம். இரண்டில் எதை விடுவது?" என்று அத்தாய் கேட்டிருக்கின்றார்.

இரண்டில் எதையும் விட வேண்டியதில்லை என்பதே நம் மறுமொழி. அதை விளக்க நாம் பதினேழு நூற்றாண்டுகள் பின்னோக்கி எகிப்து நாட்டு அலெக்சாந்திரியா நகருக்குச் செல்ல வேண்டியிருக்கின்றது. ஏனெனில் அந்த மகன் கேட்ட கேள்வி புதியதன்று. அதனால் ஒரு காலத்தில் திருச்சபை முழுவதுமே குலுங்கியது.

பாட்டாய்ப் பரவிய தப்பறை

நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலெக்சாந்திரியா, வாணிகத்துக்கும் கல்விக்கும் பெயர் பெற்ற துறைமுக நகராய் விளங்கிற்று. அங்கே பௌக்கலிஸ் என்னும் ஆலயத்தில் ஆரியுஸ் என்ற குருவானவர் பணியாற்றி வந்தார். அவர் ஒழுக்கம் கெட்டவரல்லர். தவ வாழ்வும் நாவன்மையும் உடையவர். மக்களின் மதிப்பைப் பெற்றவர். தப்பறை என்பது தீயவர் வாயிலிருந்தே புறப்படும் என்று எண்ணுவோர் இதனை நினைவிற்கொள்வது நலம்.

கடவுள் ஒருவரே, அவர் தொடக்கமில்லாதவர், ஆகவே மகன் என்று அழைக்கப்படுபவர் அவரால் உண்டாக்கப்பட்டவராகத்தான் இருத்தல் வேண்டும். படைப்புகளுள் அவரே முதல்வர், தலைசிறந்தவர், உலகம் தோன்றுமுன்னரே இருந்தவர், ஆயினும் படைப்பே. அவர் இல்லாதிருந்த நிலை ஒன்று உண்டு. ஆரியுஸ் போதித்ததன் சாரம் இதுதான். நம் கடிதத்து இளைஞன் சொன்னதைவிட உயர்வாகவே அவர் இயேசுவைப் பற்றிச் சொன்னார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இக்கருத்து மறைநூல் வல்லுநரின் ஏடுகளுக்குள் அடங்கிக் கிடக்கவில்லை. மாலுமிகளும், மாவரைப்போரும், வழிநடைப் பயணிகளும் பாடும்படியான பாட்டுகளை ஆரியுஸ் இயற்றினார் என்று அவர் சார்பினரான வரலாற்றாசிரியர் ஒருவரே எழுதி வைத்திருக்கின்றார். நூலைப் படித்து ஏமாந்தவர் சிலராயிருக்கலாம். மெட்டைக் கேட்டு ஏமாந்தவர் பலர். இன்று கைப்பேசித் திரையில் ஒரு நிமிடத்தில் ஓடி மறையும் பேச்சுகளைக் கேட்டே தம் விசுவாசத்தை அமைத்துக்கொள்வோர் இருக்கும் காலத்தில், இச்செய்தி நமக்கு வியப்பாகத் தோன்றாது.

அலெக்சாந்திரியாவின் ஆயர் அலெக்சாந்தர், எகிப்தின் ஆயர்கள் ஏறத்தாழ நூறு பேரைக் கூட்டி இப்போதனையைக் கண்டித்தார். ஆனால் பூசல் அதனுடன் அடங்கவில்லை. பாலஸ்தீனத்துக்கும் சின்ன ஆசியாவுக்கும் பரவிற்று. அப்போது உரோமைப் பேரரசை ஆண்ட கான்ஸ்தாந்தீன், இது அற்பமான சொற்போர் என்றும், இருவரும் அதை விட்டுவிட்டுச் சமாதானமாகுங்கள் என்றும் ஆயருக்கும் ஆரியுசுக்கும் சேர்த்தே கடிதம் எழுதினார். "அவசியம் என்ன?" என்று நம் இளைஞன் கேட்பதைத்தான் மாமன்னரும் வேறு சொற்களில் கேட்டார்.

அவசியம் என்ன என்பதை அப்போது திருத்தொண்டராக இருந்த ஓர் இளைஞர் தெளிவாகக் கண்டிருந்தார். அவர் பெயர் அத்தனாசியார். அவருடைய எண்ணத்தை நம் ஊர் வழக்கில் சொல்வதானால், ஆழ்கிணற்றில் விழுந்தவனை அதே கிணற்றில் விழுந்து தத்தளிக்கும் இன்னொருவன் தூக்கிவிட இயலாது. அவன் எத்துணை வலியவனாயினும், நல்லவனாயினும், அவனையும் ஒருவர் தூக்க வேண்டும். மேலே கரையில் நிற்பவர்தாம் மீட்க முடியும். அவர் விடும் கயிறும் விழுந்தவனின் கைக்கு எட்ட வேண்டும். கிறிஸ்து படைப்பே என்றால், அவரும் நம்மைப்போல் கடவுளின் தயவை நாடி நிற்பவரே. அவரால் நம்மைக் கடவுளோடு ஒன்றிணைக்க முடியாது. அவர் மனிதராகவில்லை என்றால் கயிறு நம்மை எட்டாது. உண்மைக் கடவுளே உண்மை மனிதரானார் என்றால்தான் மீட்பு உண்டு. ஆகவே பூசல் வெறும் சொல்லைப் பற்றியதன்று. நாம் மீட்கப்பட்டோமா, இல்லையா என்பதே கேள்வி. படைப்பு ஒன்றைத் தொழுவது சிலை வழிபாடன்றோ என்றும், படைப்பு ஒன்றின் பெயராலா நாம் திருமுழுக்குப் பெறுகின்றோம் என்றும் அத்தனாசியார் பின்னாளில் தொடர்ந்து வினவினார்.

உரைகல்லான சொல்

325ஆம் ஆண்டு, இன்று துருக்கி நாட்டில் இஸ்னிக் என்று வழங்கும் நிசேயா நகரில், முதல் பொதுச்சங்கம் கூடிற்று. முந்நூற்றுப் பதினெட்டு ஆயர்கள் வந்தனர் என்பது மரபு. முதிர்ந்த வயதின் காரணமாகத் திருத்தந்தை சில்வெஸ்தர் வர இயலாமல், இரு குருக்களைத் தம் சார்பில் அனுப்பினார். கொடிய வேதகலாபனை முடிந்து அதிகக் காலம் ஆகவில்லை. ஆகவே உடலில் அதன் தழும்புகளைத் தாங்கிய ஆயர்கள் சிலரும் அக்கூட்டத்தில் இருந்தனர்.

மறைநூலின் சொற்களைக் கொண்டே விசுவாசத்தை வரையறுத்துவிடலாம் என்றுதான் சங்கத் தந்தையர் முதலில் எண்ணினர். ஆனால் அவர்கள் எந்தச் சொல்லை எடுத்துக் கூறினாலும், ஆரியுசின் சார்பினர் தங்களுக்குள் கண்சாடை காட்டி, அதற்குத் தம் கருத்துக்கேற்ற பொருளைக் கற்பித்துக்கொண்டனர் என்று அத்தனாசியார் எழுதுகின்றார். 'கடவுளிடமிருந்து வந்தவர்' என்றால், எல்லாமே கடவுளிடமிருந்து வந்தவைதாமே என்றனர். 'கடவுளின் சாயல்' என்றால், மனிதனும் கடவுளின் சாயல்தானே என்றனர்.

பொன்னும் பொன்முலாமும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். எது பொன் என்று அறியப் பொற்கொல்லர் உரைகல்லை எடுக்கின்றார். சங்கத் தந்தையரும் ஓர் உரைகல்லைத் தேடினர். மகன் 'தந்தையோடு ஒரே பொருளானவர்' என்னும் சொல்லே அவர்கள் கண்ட உரைகல். கிரேக்க மொழியில் அது ஹோமோ-ஊசியோஸ் என்னும் ஒற்றைச் சொல். அந்தச் சொல் மறைநூலில் இல்லை. ஆனால் மறைநூல் சொல்லும் உண்மை முழுவதும் அதில் இருந்தது. அதற்கு மட்டும் ஆரியுசின் போதனையால் இடமளிக்க முடியவில்லை. இறுதிவரை கையொப்பமிட மறுத்த ஆயர்கள் இருவர் மட்டுமே.

மந்தை காத்த விசுவாசம்

சங்கம் முடிந்தது, போராட்டம் முடியவில்லை. சில ஆண்டுகளில் அரண்மனையின் காற்று மாறி வீசிற்று. 328இல் அலெக்சாந்திரியாவின் ஆயரான அத்தனாசியார், அவருடைய நாற்பத்தைந்து ஆண்டு ஆயர் பணியில் ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார், அல்லது ஒளிந்து வாழ நேர்ந்தது. கணக்கிட்டால் ஏறத்தாழப் பதினேழு ஆண்டுகள் அவர் தம் மக்களைப் பிரிந்திருந்தார்.

356ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஓர் இரவு. அலெக்சாந்திரியாவில் தெயோனாஸ் ஆலயத்தில் மக்கள் விழித்திருந்து செபித்துக்கொண்டிருந்தபோது, படைவீரர்கள் ஆலயத்தைச் சூழ்ந்தனர். அத்தனாசியார் தம் இருக்கையைவிட்டு எழவில்லை. இறைவனின் இரக்கம் என்றென்றும் உள்ளதென்று மக்கள் மறுமொழி கூறும் சங்கீதத்தை வாசிக்கச் செய்தார். கதவுகள் உடைந்தன. மக்கள் முதலில் வெளியேறட்டும் என்று காத்திருந்த ஆயரை, இறுதியில் துறவிகளும் குருக்களும் இழுத்துக்கொண்டு வெளியே சென்றனர். அடுத்த ஆறு ஆண்டுகள் எகிப்தின் பாலைநிலத் துறவிகளே அவரை மறைத்து வைத்துக் காத்தனர்.

ஆயர் இல்லை, ஆலயங்கள் பறிபோயின, அரசின் ஆதரவோடு வேறொருவர் ஆயரின் இருக்கையில் அமர்ந்தார். மக்கள் என்ன செய்தனர்? அவரோடு சேர்ந்து வழிபட மறுத்துக் கல்லறை நிலத்தில் கூடிச் செபித்தனர். அங்கும் படைவீரர்கள் வந்து தாக்கினர். இதே நிலைமை பின்னர்க் கிழக்கு நாடுகளெங்கும் நிலவிற்று. முதியோரும் பெண்களும் சிறுவர்களும் மழையிலும் பனியிலும் காற்றிலும் வெட்டவெளியில் நின்று செபிப்பதைப் புனித பசிலியார் மேற்குத் திசை ஆயர்களுக்கு எழுதிய மடலில் மனம் நொந்து கூறுகின்றார்.

அதே காலத்தில் ஆயர்களின் நிலை எவ்வாறு இருந்தது? 359ஆம் ஆண்டு இத்தாலியின் ரிமினி நகரில் நானூற்றுக்கும் மேற்பட்ட ஆயர்கள் கூடினர். முதலில் நிசேயாவின் விசுவாசத்தையே பற்றி நின்றனர். பேரரசர் கான்ஸ்தாந்தியுசின் அலுவலர்கள் அவர்களை ஊர் திரும்ப விடவில்லை. களைத்து, அஞ்சி, ஏமாந்து, இறுதியில் 'ஒரே பொருள்' என்னும் சொல் இல்லாத அறிக்கையில் கையொப்பமிட்டனர். உலகம் முழுவதும் முனகி, தான் ஆரியுசின் பக்கம் நிற்பதைக் கண்டு திகைத்ததாகப் புனித எரோணிமுஸ் இதனைப் பிற்காலத்தில் வருணித்தார்.

2019இல் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்ட கர்தினால் நியூமன், 1859ஆம் ஆண்டு எழுதிய கட்டுரை ஒன்றில் இவ்வுண்மையை எடுத்துக்காட்டினார். அக்காலத்தில் விசுவாசத்தை உறுதியாகப் பற்றி நின்றவர்கள் ஆயர்களைவிடத் திருமுழுக்குப் பெற்ற பொதுமக்களே என்பது அவர் கண்ட முடிவு. ஆயர்களைத் தாழ்த்துவதற்காக நாம் இதனைக் கூறவில்லை. போதிக்கும் அதிகாரம் ஆயர்களுக்கே உரியது. விசுவாசத்தைக் காப்பது மேலிடத்தில் இருப்போரின் வேலை மட்டுமன்று என்பதையே சொல்ல வருகின்றோம். அம்மக்கள் அதனைக் காத்தது வாளாலன்று, வசைமொழியாலுமன்று. தாம் திருமுழுக்கில் அறிக்கையிட்டதை விடாமல் அறிக்கையிட்டனர். தம் பிள்ளைகளுக்கும் கற்பித்தனர்.

திறந்து வைத்த கதவு

இனி, அந்தத் தந்தையார் குறிப்பாகக் கேட்க வேண்டிய பகுதிக்கு வருகின்றோம்.

அத்தனாசியார் மென்மையாக எழுதியவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தப்பறையைச் சாடும்போது அவருடைய சொற்கள் சுடும். ஆனால் தப்பறையும் தடுமாறுபவனும் ஒன்றல்ல என்பதை அவர் அறிந்திருந்தார். நிசேயாவில் முன்னின்று உழைத்தவர் கொர்தோபா நகர ஆயர் ஓசியுஸ். நூறு வயதை நெருங்கியிருந்த அவரை 357இல் கொடுமைப்படுத்தித் தவறான அறிக்கை ஒன்றில் கையொப்பமிடச் செய்தனர். அவரைப் பற்றி எழுதும்போது அத்தனாசியாரிடம் ஏளனம் இல்லை. முதுமையாலும் அடிகளாலும் தளர்ந்தவர் என்ற இரக்கமே இருக்கின்றது.

நிசேயாவின் விசுவாசத்தை ஏற்றுக்கொண்டும், 'ஒரே பொருள்' என்ற சொல்லைக் கண்டு மட்டும் தயங்கியவர் பலர் இருந்தனர். அச்சொல்லில் ஓரெழுத்தைச் சேர்த்து, 'ஒத்த பொருள்' என்று சொல்வதே பொருத்தம் என்று சிலர் கருதினர். அவர்களைப் பகைவராக நடத்தலாகாது, ஒரே கருத்துடைய சகோதரரிடம் பேசுவதுபோல் பேசித் தெளிவிக்க வேண்டும் என்று, பாலைநிலத்தில் ஒளிந்து வாழ்ந்த அந்த நாள்களிலேயே அவர் எழுதினார்.

362இல் ஊர் திரும்பியதும் அவர் அலெக்சாந்திரியாவில் ஒரு சங்கத்தைக் கூட்டினார். ரிமினியில் அச்சத்தால் வழுவியவர்கள் என்ன ஆவது என்ற கேள்வி எழுந்தது. நிசேயாவின் விசுவாசத்தை அறிக்கையிட்டால் அவர்களை ஏற்றுக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. தப்பறையை முன்னின்று நடத்தியவர்களுக்கு மன்னிப்பு உண்டு, பதவி மட்டும் இல்லை. அந்தியோக்கியா நகரில் ஒரு சாரார் கடவுளில் மூன்று என்றும், மற்றொரு சாரார் ஒன்று என்றும் ஒரே கிரேக்கச் சொல்லை வைத்துச் சண்டையிட்டு வந்தனர். சங்கம் இரு சாராரையும் அழைத்து, "நீங்கள் இச்சொல்லால் எதைக் கருதுகின்றீர்கள்?" என்று கேட்டது. தந்தை, மகன், தூய ஆவியார் என்னும் மூவரை ஒருவர் குறித்தார். ஒரே இறைத்தன்மையை மற்றவர் குறித்தார். இருவரின் விசுவாசமும் ஒன்றே என்பது விளங்கிற்று.

நிசேயாவுக்காக நாடு கடத்தப்பட்டுத் துன்புற்ற ஆயர் ஒருவர் சார்தீனியாத் தீவில் இருந்தார். விழுந்தவர்களை மீண்டும் சேர்த்துக்கொள்வதை அவரால் பொறுக்க முடியவில்லை. அவரைப் பின்பற்றியோர் திருச்சபையிலிருந்து பிரிந்து தனிக் கூட்டமாயினர். உண்மைக்காகப் பாடுபட்டவரும், இரக்கத்துக்குக் கதவை அடைத்தால் எங்கே போய் நிற்க நேரிடும் என்பதற்கு இது சான்று.

அத்தனாசியார் 373ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். 381இல் கான்ஸ்தாந்திநோப்பிளில் கூடிய சங்கம் நிசேயாவின் விசுவாசத்தை உறுதிப்படுத்திற்று. அந்த விசுவாச அறிக்கையைத் திருப்பலியில் மக்கள் யாவரும் சொல்ல வேண்டும் என்று 589ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டுத் தொலேதோ சங்கம் கட்டளையிட்டது. நெடுங்காலம் ஆரியுசின் கொள்கையைப் பின்பற்றிய கோத்தர் குலத்து மன்னரும் மக்களும் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்த வேளை அது. திரும்பி வந்தவர்களை வரவேற்ற சங்கமே, அவர்கள் நாவில் அந்த அறிக்கையையும் வைத்தது. நிசேயாச் சங்கத்தின் 1700ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 2025ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள், திருத்தந்தை பதினான்காம் லியோ இஸ்னிக் நகருக்குச் சென்று, பிற சபைத் தலைவர்களோடு ஏரிக்கரையில் நின்று இதே விசுவாசத்தை அறிக்கையிட்டார்.

இல்லத்தில் நாம் செய்ய வேண்டியது

அன்புச் சகோதரி, உங்கள் கணவர் காக்க விரும்புவது காக்க வேண்டிய ஒன்றே. இயேசுவை நல்லவர் என்று மட்டும் சொல்லி அமைதி தேடிக்கொள்ள நமக்கு உரிமை இல்லை. அச்சொல்லுக்காக அலெக்சாந்திரியாவின் எளிய மக்கள் கல்லறை நிலத்தில் அடிபட்டிருக்கின்றார்கள். ஆனால் உங்கள் மகன் கேட்டது கேள்வி. கேட்டவனுக்கு அன்று வீட்டில் கிடைத்தது மறுமொழியன்று. ஒரு பட்டப் பெயர். கேள்வி கேட்கும் பிள்ளையைவிட, எதையும் கேளாமல் உதடு மட்டும் அசைத்துவிட்டுப் போகும் பிள்ளையைப் பற்றியே நாம் அதிகம் கவலைப்பட வேண்டும்.

நாமும் குற்றமற்றவர்களல்லர். ஞாயிறு திருப்பலியில் மறையுரை முடிந்து அனைவரும் எழுந்து நின்று விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லும்போது நம்முள் எத்தனை பேர் அதன் பொருளை நினைக்கின்றோம்? மழைத்தூறல்போல் சடசடவென்று சொல்லி முடித்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்த நாள்கள் இதை எழுதும் நமக்கும் உண்டு. பொருள் அறியாது நாம் காத்துவரும் சொல்லைப் பொருள் கேட்கும் மகனிடம் எவ்வாறு ஒப்படைப்பது? அவன் கேட்ட அன்று தந்தையாரிடம் மறுமொழி இருந்திருந்தால், சினம் தேவைப்பட்டிருக்காது என்றே நமக்குத் தோன்றுகின்றது. இதை அவர் மனம் நோகச் சொல்லவில்லை. பெற்றோராகிய நம் அனைவரையும் பார்த்தே சொல்கின்றோம்.

ஆகவே மூன்று காரியங்களைப் பரிந்துரைக்கின்றோம். முதலாவது, மகனைத் தந்தையார் தாமே தொலைபேசியில் அழைக்கட்டும். அழைத்து, அலெக்சாந்திரியாச் சங்கம் கேட்டதையே கேட்கட்டும்: "நீ சொன்னதன் கருத்து என்ன, தம்பி?" குறுக்கிடாமல் முழுவதும் கேட்கட்டும். இரண்டாவது, தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லிப் பங்குக் குருவிடம் கேட்டு அறிந்துகொள்ளட்டும். அதில் தந்தைக்கு இழுக்கு இல்லை. மூன்றாவது, இத்திங்கள் முழுவதும் மாலைச் செபத்தின் இறுதியில் விசுவாசப் பிரமாணத்தை நாளுக்கு ஒரு வரியாக நிறுத்திச் சொல்லி, அவ்வரிக்குப் பொருள் பேசுங்கள். சிறு பிள்ளைகளும் பேசட்டும்.

அடுத்த விடுமுறைக்கு மகன் வரும்போது செபத்துக்கு விரிக்கும் பாயில் அவனுக்குரிய இடம் அவனுக்காகக் காத்திருக்கட்டும். அவன் கேள்வியோடு வந்து அமர்ந்தாலும் அமரட்டும். நிசேயாவின் விசுவாசம் கேள்விக்கு அஞ்சி ஒளிந்த விசுவாசமன்று. கேள்வியின் நடுவில் நின்று வென்ற விசுவாசம்.

புனித அத்தனாசியார் நம் குடும்பங்களுக்காக வேண்டிக்கொள்வாராக.